காலி மேடையிடம் கேட்ட கேள்விகள்

ராக்கெட் தொட்டிகளைக் குலுக்கிப் பார்த்தே முப்பத்தோரு வருஷம் சம்பளம் வாங்கியவள் நான். பெயர் கிளெனிஸ் நான்கிவெல். ஓய்வு பெற்ற பிறகும், அடிலெய்டில் நவம்பர்தோறும் நடக்கும் வான்வெளிப் பொறியாளர் மாநாட்டில் ஓர் அமர்வுக்குத் தலைமை தாங்க என்னைக் கூப்பிடுகிறார்கள். அறிவுக்காக அல்ல, கடிகாரத்துக்காக. இருபது நிமிஷம் பேச்சு, ஐந்து நிமிஷம் கேள்வி. இருபது முடிந்ததும் மணியை அடித்துவிடுவேன். ஒருமுறை ஒரு மனிதர், "ஆக, நாங்க கடைசியில கண்டுபிடிச்சது என்னன்னா" என்று வாயைத் திறந்தபோது அடித்தேன். அவர் என்ன கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. இருபது நிமிஷத்துக்குள் சொல்லத் தெரியாதவர் கண்டுபிடித்து என்னத்தைக் கிழித்துவிடப் போகிறார்?

மாநாட்டுக் கையேட்டின் ஏழாம் விதியை எழுதிய புண்ணியவதியும் நானே. கட்டுரை படிக்க வேண்டியவர் வராமல் போனால் அவருடைய இருபத்தைந்து நிமிஷமும் காலியாகவே ஓட வேண்டும். அடுத்தவரை முன்னால் இழுக்கக் கூடாது. வெளி ஆட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் இங்கே ஒரே நேரத்தில் பன்னிரண்டு அறைகளில் பேச்சு நடக்கும். எங்கள் ஆட்கள் கையில் அட்டவணையோடு அறைக்கு அறை ஓடுவார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு தலைவர் இரக்கப்பட்டு ஒரு பேச்சைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளிவிட்டார். தன் எதிரியின் கட்டுரையைக் கிழித்துத் தோரணம் கட்டுவதற்கென்றே டார்வினிலிருந்து வந்த ஒருவர் கதவைத் திறந்தபோது, எதிரி கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தான். அந்த மனிதர் பதினோரு பக்கம் புகார் எழுதினார், மூன்று வரைபடங்களோடு. அதற்குப் பிறகுதான் ஏழாம் விதி பிறந்தது.

போன வருஷம் எனக்குக் கிடைத்தது வியாழக்கிழமை பிற்பகல், ஆறாம் அறை. தலைப்பு, தொட்டிகளில் தளும்பல். ராக்கெட்டுக்குள் இருக்கும் எரிபொருளும் வாளித் தண்ணீர் மாதிரிதான். ஆட்டினால் தளும்பும். தளும்பலும் ஆட்டமும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிட்டால் தண்ணீர் வாளியை ஆட்டும், வாளி தூக்குகிறவனை ஆட்டும். ராக்கெட்டாக இருந்தால் நடுவானில் குட்டிக்கரணம் போடும்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் வால்டி என் பின்னால் வந்து நின்றான். வால்டெமார் நோஸ்கே, பரோசா பள்ளத்தாக்குக்காரன். என்னோடு பதினான்கு வருஷம் ஒரே ஆய்வுக்கூடத்தில் தொட்டி குலுக்கியவன். இன்னும் அங்கேயே குலுக்கிக்கொண்டிருக்கிறான். தட்டில் ஒன்றுமே வைத்துக்கொள்ளாமல் வெறும் தட்டோடு நின்றிருந்தான்.

"கிளெனிஸ், ரெண்டு நாப்பதுக்குப் பேச வேண்டிய வெதரில் வரலையாமே?"

"பெர்த்ல விமானம் ரிப்பேராம். விமானம் செய்யறவங்க மாநாட்டுக்கு வர விமானம் இல்ல. வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"அப்போ அந்த நேரம் காலிதானே? என்னை அதுல ஏத்தி விடேன்."

"முடியாது."

"காரணம் என்னன்னு நான் சொல்லவே இல்லையே!"

"சொன்னாலும் முடியாது."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்கறது சரியாத்தான் இருக்கு."

கோபம் வந்தது எனக்கு. ஏனென்றால் காரணம் எனக்கு முன்பே தெரியும். அமர்வின் தலைவர் எல்லாக் கட்டுரைகளையும் முன்கூட்டியே படிப்பார், படித்ததைப் பற்றி மூச்சு விடமாட்டார். அது வழக்கம். வால்டியின் கட்டுரை பதினெட்டுப் பக்கம். நியூசிலாந்தில் ஒரு சின்ன ராக்கெட் கம்பெனி தன் தொட்டியின் அகல நீளத்தையெல்லாம் பெருமைக்காக வழவழப்பான தாளில் அச்சடித்து ஊருக்கெல்லாம் விநியோகித்திருந்தது. வால்டி அதை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். இந்தத் தடவை பாரம் குறைவு என்று தொட்டியில் பத்தில் ஆறு பங்குதான் நிரப்பப் போகிறார்கள். ஆறு பங்கு நிரப்பினால் ராக்கெட் ஏறின மூன்றாவது நிமிஷம் குட்டிக்கரணம் போடும். கணக்கை நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் கவிழ்ந்தது.

அந்த ராக்கெட்டில் ஏறப்போவது வால்டியின் மகள் ஒட்டிலி செய்த செயற்கைக்கோள். ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். வயல்களின் மண் ஈரத்தை மேலிருந்து பார்த்துச் சொல்லும். அதற்கு யாபி என்று ஓடை இறாலின் பெயரை வைத்திருந்தாள். ஆறு வருஷம் அந்தப் பெண் கல்யாணம், காட்சி, விடுமுறை எதற்கும் போகவில்லை. அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுகிறார்கள், ஆனால் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. ரகசியம் காப்போம் என்று இருவரும் அவரவர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஊமை கண்ட கனவு என்பார்களே, அந்தக் கதி வால்டிக்கு.

"ராக்கெட் கம்பெனியோட தலைமைப் பொறியாளர் இங்கேதானே சுத்திக்கிட்டு இருக்கா? நேராப் போய்ச் சொல்லேன்டா," என்றேன்.

வால்டி சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிரித்தான். ஆய்வுக்கூடம் கொடுத்த வெளியீட்டு அனுமதி. இந்தக் கண்டுபிடிப்பை ஆறாம் அறையில், வியாழக்கிழமை அமர்வில், தலைவர் அவன் பெயரைச் சொல்லி அழைத்ததிலிருந்து இருபத்தைந்து நிமிஷத்துக்கு மட்டும் சொல்லலாம் என்று போட்டிருந்தது. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் வாயைத் திறந்தாலும் கட்டுரை இரண்டு வருஷம் பூட்டுக்குள் போய்விடும்.

"மூணு அஞ்சுக்கு நீ கூப்பிடுவே. அவளுக்கு மூணு அஞ்சுக்கு டாக்ஸி. நாளைக்குக் காலையில அங்கே போய் எவ்வளவு நிரப்பணும்கற தாள்ல கையெழுத்துப் போடறா. போட்டுட்டா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது."

"டாக்ஸியைத் தள்ளிப் போடச் சொல்லு."

"ஏன்னு கேப்பா. ஏன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் எங்களைத் தாண்டிப் போனாள். நைரி பயிவாய். நாற்பது வயது, குட்டை முடி, ஒரு கையில் தேநீர், மறு கையில் லாமிங்டன் கேக். வால்டி குறுக்கே போய் நின்றான்.

"மேடம், ஒரு நிமிஷம்."

"தொட்டி பத்தியா?"

"ஆமா."

"அனுமதி இருக்கா?"

"இருக்கு. தலைவர் கூப்பிட்ட அடுத்த நொடியிலேருந்து."

"கூப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்போ தயவுசெஞ்சு வாயை மூடுங்க." கேக்கை வாயில் கவ்விக்கொண்டு, தேநீரை என்னிடம் நீட்டிவிட்டு, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள். வால்டி நான்கு அடி பின்வாங்கிய பிறகுதான் விரலை எடுத்தாள். "தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் லிஃப்ட்ல ஒரு ஆள் சொன்னது காதுல விழுந்துடுச்சு. ஏழு மாசம் வக்கீல் ஆபீஸே கதின்னு கிடந்தேன். அனுமதி இல்லாம கேட்டதை வெச்சு நான் ஒரு திருகைக்கூடத் திருப்ப முடியாது. கேட்டதைத் திருப்பிக் கொடுங்கன்னா எப்படிங்க கொடுக்கறது?"

என் கையிலிருந்து தேநீரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் கல் நெஞ்சக்காரி அல்ல. நிகழ்ச்சி நிரலை மாற்ற வேண்டுமானால் ஏழு பேர் குழுவில் நான்கு வாக்கு வேண்டும்; எனக்கு அதில் வாக்கு இல்லை. குழுவில் இரண்டு பேர் மாநாட்டுக்கே வரவில்லை; மீதி ஐந்து பேர் சாப்பாட்டை முடித்துக்கொண்டு டோரன்ஸ் ஆற்றில் படகுச் சவாரி போயிருந்தார்கள். இந்த வயதில், முப்பத்தெட்டு டிகிரி வெயிலில், ஆற்றங்கரைக்கு ஓடினேன். படகு நடு ஆற்றில் இருந்தது. "ஏழாம் விதியைத் தளர்த்தலாமா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூன்று பேர் கையசைத்தார்கள். ஒருவர் காதில் கையை வைத்துக்கொண்டு, என்ன என்பதுபோல் பார்த்தார். இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கையசைத்ததை வாக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தாலும் மூன்றுதான் தேறியது. ஒன்று குறைந்தது. கரையிலிருந்த கறுப்பு அன்னங்கள்தான் என்னைப் பார்த்துத் தலையாட்டின. அவை குழுவில் இல்லை.

திரும்பி வந்தபோது மணி இரண்டு முப்பத்தெட்டு. வால்டி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். என் வியர்த்த முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நைரி கடைசி வரிசையில், கதவோரமாக, காலுக்கடியில் பெட்டியோடு இருந்தாள். மொத்தம் முப்பத்தி நான்கு பேர்.

"முதல் கட்டுரை, டாக்டர் லயனல் வெதரில்," என்று அறிவித்தேன். "ஆசிரியர் வரவில்லை. தொடங்கலாம்."

கடிகாரத்தை ஓடவிட்டேன். திரையில் தலைப்பு மட்டும் தெரிந்தது: காலித் தொட்டியை நிரம்பிய தொட்டி என்று எண்ணி ஏமாறாதிருக்கும் முறை. மேடையில் ஒரு ஒலிவாங்கி, ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான்.

முதல் மூன்று நிமிஷம் சிலர் நெளிந்தார்கள். பிறகு பழக்கம் வென்றுவிட்டது. முன்வரிசையில் ஒருவர் திரையைப் புகைப்படம் எடுத்தார். பக்கத்திலிருந்தவர் குறிப்பேட்டில் தேதி போட்டு அடிக்கோடு இட்டார். ஏழாவது நிமிஷத்தில் ஒருவர் குறட்டை விட்டார், எப்போதும் விடுகிற அதே நேரத்தில். பத்தாவது நிமிஷம் பேராசிரியர் ஹம்ப்ரி பாஸ்கோ வந்து முன்னால் உட்கார்ந்தார். எழுபத்தெட்டு வயது. எதற்கும் ஆட்சேபம் சொல்பவர். ஒரு வருஷம் மதியச் சாப்பாட்டுக்கே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். மேடையில் ஆள் இல்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டு தடவை தலையை ஆட்டினார், ஒரு தடவை உதட்டைப் பிதுக்கினார்.

நான் விதிப்படி ஐந்து நிமிஷ அட்டையைத் தூக்கிக் காட்டினேன். பிறகு ஒரு நிமிஷ அட்டை. சரியாக மூன்று மணிக்கு மணியடித்தேன். அறை கைதட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று காலைப் பேச்சுகளுக்குத் தட்டியதைவிட இதற்குத்தான் அதிகம்.

"கேள்விகள்?" என்றேன். கேள்வி நேரத்தையும் நடத்த வேண்டும் என்று எழுதியவளும் நான்தானே. யாரும் கேட்கப் போவதில்லை, ஐந்து நிமிஷம் சும்மா போகும் என்று நினைத்தேன்.

பாஸ்கோ எழுந்தார். "இது கேள்வி இல்ல, ஒரு கருத்துதான்."

தெரிந்த கதைதான். தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் வூமெரா ஏவுதளத்தில் ஒரு தொட்டியைத் தட்டிப் பார்த்ததில் தொடங்கி ஒன்றரை நிமிஷம் போனார். "இப்போ பேசினவர் இதையெல்லாம் தொடவே இல்ல," என்று முடித்தார்.

"மேடைக்குச் சொல்லிடறோம், ப்ரொபசர். உட்காருங்க."

அப்போது வால்டியின் கை மேலே போனது. மெதுவாகத்தான் போனது. ஏதோ இப்போதுதான் உறைத்ததுபோல அவன் முகம் சிவந்திருந்தது. எனக்கும் அந்த நொடியில் உறைத்தது. படிவம் கண்டுபிடிப்பைச் சொல்வதற்குத்தான் பூட்டுப் போட்டிருந்தது. கேள்வி கேட்பதற்கு எங்கள் தொழிலில் யாரும் படிவம் போட்டதில்லை.

"டாக்டர் நோஸ்கே, கேளுங்க."

அவன் எழுந்து காலி மேடையைப் பார்த்து நின்றான்.

"டாக்டர் வெதரில் அவர்களுக்கு வணக்கம். ஒரு பேச்சுக்கு, ஒரு மீட்டர் இருபது அகலத்துல ஒரு தொட்டி இருக்குன்னு வெச்சுப்போம். நியூசிலாந்துலதான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல."

கடைசி வரிசையில் நைரியின் விரல்கள் சட்டென்று காதுக்குப் போயின.

"அதுல பத்துல ஆறு பங்கு நிரப்பினா, உள்ளே இருக்கறது ரெண்டு விநாடிக்கு ஒரு தடவை தளும்புமா, தளும்பாதா? ராக்கெட்டோட திசையைத் திருப்பற கருவியும் ரெண்டு விநாடிக்கு ஒரு தடவையே ஆட்டினா என்ன ஆகும்? யாராவது இதைப் போட்டுப் பார்த்தாங்களா? பார்க்காம கையெழுத்துப் போட்டா..." படிவம் இருந்த சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். "போட்டா, அதுல ஆறு வருஷ உழைப்பை ஏத்தி அனுப்பறவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"இது நாலு கேள்வி!" என்றார் பாஸ்கோ.

"ஒரே கேள்விதான், ப்ரொபசர். வால் நீளம்," என்றேன்.

அறை முழுக்க காலி மேடையைப் பார்த்தது. ஒலிவாங்கி பதில் சொல்லவில்லை. நைரியின் விரல் ஒரு காதிலிருந்து இறங்கியது, பிறகு மறு காதிலிருந்து. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. பொது மேடையில் கேட்ட கேள்வி. இதற்கு எந்த வக்கீலும் அவளை உட்காரவைக்க முடியாது. மடியில் குறிப்பேட்டை வைத்து வேகமாக எதையோ கிறுக்கினாள். அடித்தாள், மறுபடி கிறுக்கினாள். அந்தப் பெண்ணுக்கு மூளை ஓடியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து நின்றாள்.

மணி மூன்று, மூன்று நிமிஷம், ஐம்பது விநாடி.

"டாக்டர் வெதரில்," என்றாள் மேடையைப் பார்த்து. "பத்துல ஒம்பது பங்கு நிரப்பிட்டா தளும்பறதுக்கு இடமே இருக்காது, ஆட்டம் அடங்கிடும்னு நான் எடுத்துக்கறேன். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

வால்டியின் கட்டுரையில் பதினேழாம் பக்கம் அதையேதான் சொல்கிறது. ஒன்பது பங்கு. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், இரண்டு பேரும் சொல்லக் கூடாது. அவன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முடிவைச் சபையில் வைத்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, தலைவர் அறுபது விநாடி எண்ணுவார். யாரும் வாய் திறக்காவிட்டால் அது ஏற்கப்பட்டது. பதிவேட்டில் ஏறும். அதை வைத்து எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. யாராவது ஒருவர் ஆட்சேபித்தால் விஷயம் அடுத்த வருஷ மாநாட்டுக்குத் தள்ளிப்போகும்.

"ஆட்சேபம் உள்ளவர்கள் அறுபது விநாடிக்குள் சொல்லலாம்," என்றேன். பொத்தானை அமுக்கினேன்.

பத்து. மேடைக்கு ஆட்சேபம் இல்லை. இருபது. வெளியே டாக்ஸிக்காரன் ஒலியெழுப்பினான். முப்பது. குறட்டை விட்டவர் விழித்துக்கொண்டு, கைதட்ட வேண்டுமா என்று சுற்றும்முற்றும் பார்த்தார். வால்டியின் உதடு அசைந்தது, அவனும் எண்ணிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்தில் பாஸ்கோ நாற்காலியின் கைப்பிடியில் கையை ஊன்றினார். முப்பத்தெட்டில் எழுந்தார். நாற்பதில் வாயைத் திறந்தார்.

பத்தொன்பது வருஷமாக இந்த மணியை அடிக்கிறேன். அமைச்சருக்குக்கூட ஒரு விநாடி கூட்டிக் கொடுத்ததில்லை, குறைத்தும் கொடுத்ததில்லை.

"அறுபது," என்றேன். "ஏற்கப்பட்டது." மணியை ஓங்கி அடித்தேன்.

அறையே மணிக்கட்டைப் பார்த்தது. எல்லாரும் பொறியாளர்கள். எல்லார் கடிகாரத்திலும் விநாடி முள் உண்டு, பாதிப் பேர் தாங்களும் பொத்தானை அமுக்கியிருப்பார்கள். நாற்பத்தொன்று என்று அத்தனை பேருக்கும் தெரிந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, வருவது வரட்டும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. டார்வின்காரர் கூட, அதே புகார்க்காரர் கூட, கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார்.

நைரி குறிப்பேட்டை மூடினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவள், திரும்பி மேடையைப் பார்த்து, "ரொம்ப நன்றி, டாக்டர் வெதரில்," என்றாள். கண் மட்டும் ஒரு நொடி வால்டி பக்கம் போய் வந்தது. நடைபாதையில் அவள் போனில் பேசுவது கேட்டது. "நிரப்பற தாளை அப்படியே வை. நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க."

மூன்று ஐந்துக்கு, "அடுத்து டாக்டர் நோஸ்கே," என்றேன். அவன் மேடை ஏறியபோது பாதி அறை ட்ரோன் பேச்சைக் கேட்க ஒன்பதாம் அறைக்கு ஓடிவிட்டது. இப்போது எல்லாம் சொல்ல அவனுக்கு அனுமதி இருந்தது, கேட்க வேண்டியவள்தான் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். "ஆகவே இந்த ராக்கெட் கவிழும்" என்று பாதியில் இருந்தபோது இருபது முடிந்தது. அடித்தேன். அவன் சிரித்துவிட்டான்.

எல்லாரும் போன பிறகு பாஸ்கோ என் மேஜைக்கு வந்தார். மணியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"கிளெனிஸ், நான் ஆட்சேபம் சொல்ல எழுந்திருக்கல. கால் மரத்துப் போச்சு."

"மன்னிச்சுக்குங்க, ப்ரொபசர்."

"நாப்பத்தொண்ணுல அடிச்சே."

"ஆமா."

"எனக்கு ஆட்சேபம் உண்டு," என்றார் மனிதர். "என் கடிகாரத்துல நாப்பத்திரண்டு." காலை உதறிக்கொண்டே போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் ராக்கெட் போனது. கவிழவில்லை. கம்பெனி வெளியிட்ட அறிக்கையில், எரிபொருள் அளவை மாற்றியது டாக்டர் லயனல் வெதரிலின் அமர்வில் ஏற்கப்பட்ட முடிவின்படி என்று அச்சாகியிருந்தது. வேறு எப்படி எழுதுவாள் நைரி? கேள்வி கேட்டவனே கட்டுரையாளன், பதிலும் அவன் கட்டுரையிலேயே இருந்தது என்று வெளியே வந்தால், அனுமதியில்லாமல் கசிந்தது என்பார்கள். மறுபடி வக்கீல், அவளுக்கும் அவனுக்கும். பிப்ரவரியில் மாநாட்டின் சிறந்த கட்டுரைப் பரிசு வெதரிலுக்குப் போனது. "விவாதத்தைத் தூண்டிய விதத்துக்காக" என்று பாராட்டுரை. பெர்த்திலிருந்து அந்த மனிதர் எனக்குக் கடிதம் எழுதினார். தான் என்ன பேசினேன் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

வால்டியின் கட்டுரையும் வெளிவந்தது, ஒன்பது பங்கு என்று சொன்ன பதினேழாம் பக்கத்தை அவனே உருவிவிட்ட பிறகு, கீழே தேர்வுக்குழுவின் குறிப்போடு: ஆசிரியரின் கணிப்பு நடப்புக்கு ஒத்துவரவில்லை. இந்த வருஷம் அவன் அனுப்பியதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தனுண்டாவில் அவன் வீட்டில் எனக்குச் சாப்பாடு. ஒட்டிலியும் வந்திருந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெண் முகத்தில் தூங்கி எழுந்த களை. சூடான உருளைக்கிழங்கு சாலட்டை அப்பாவின் தட்டில் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அப்பா, உன் கட்டுரை வெளியாயிடுச்சுல்ல, படிச்சேன். பதினேழு பக்கம்! குட்டிக்கரணம் போடும், குட்டிக்கரணம் போடும்னு. சாபம் கொடுக்கற மாதிரி இருக்கு. எங்க ராக்கெட் மேல உனக்கு என்ன கோபம்?"

"கோபம் ஒண்ணும் இல்லம்மா."

"நல்லவேளை, அந்த வெதரில் சார் இருந்தாரு. நீயும் அதே அறையிலதானே உட்கார்ந்திருந்தே? ஒம்பது பங்கு நிரப்பலாம்னு உனக்குத் தோணவே இல்லையா?"

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன மரமா? வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் வால்டியின் பூட்ஸ் என் கால்மேல் ஏறி நச்சென்று மிதித்தது. உயிர் போய் வந்தது.

"தோணலைம்மா," என்றான். "வயசாச்சு. எங்கேயோ கணக்குப் பிசகிடுச்சு."

"போகட்டும் விடு. எல்லாருக்கும் வர்றதுதானே." எழுந்து போய் அப்பாவின் வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் கொடுத்தாள். "எங்க யாபி நூல் பிடிச்ச மாதிரி நேராப் போச்சுப்பா."

என் காலை அவன் இன்னும் விடவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"எப்படிப் போச்சு?"

"நூல் பிடிச்ச மாதிரி."

"இன்னொரு தடவை சொல்லு," என்றான் வால்டி.

அவள் சிரித்துக்கொண்டே கையைத் தட்டிலிருந்து கூரை வரைக்கும் தூக்கிக் காட்டி, இன்னொரு தடவை சொன்னாள்.